கார்பரேட்டரில் கை வைக்கும் முன்

தேசிய நெடுஞ்சாலை 66-இல் அமரவிளைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே வரிசை ஊரத் தொடங்கினால், பழைய கார்பரேட்டர் மாருதி 800 வைத்திருப்பவருக்கு வியர்த்துவிடும். ஓடும்போது ஒரு குறையும் இல்லை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி ஆஃப். அப்படியொரு வண்டி திருப்புறம் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் வந்து நிற்கிறது. ஐடிஐ-யில் மோட்டார் மெக்கானிக் 2 வருடம் முடித்து, ஆசானிடம் புதிதாகச் சேர்ந்தவர் நீங்கள். கை நேராக ஐடில் ஸ்க்ரூவுக்குப் போகும். போகவிடாதீர்கள். அதைத் திருகி வேகத்தை ஏற்றினால் வண்டி நிற்காதுதான். பழுது உள்ளேயே இருக்கும், பெட்ரோலும் வீணாகும், சில நாளில் அதே வண்டி முகம் சுளித்தபடி திரும்பி வரும்.

“மக்கா, மொதல்ல வண்டிக்காரர்கிட்ட கேளு” என்று ஆசான்மார் சொல்வது இதனால்தான். காலையில் மட்டும் நிற்கிறதா? சோக்கைப் பாருங்கள். ஏசி போட்டால் நிற்கிறதா? ஏசிக்காக ஐடிலை உயர்த்தும் அமைப்பைப் பாருங்கள். மழைக்குப் பிறகா? டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் இருக்கலாம். நம் ஊரில் ஜூனிலும் அக்டோபரிலும் இதற்குப் பஞ்சமே இல்லை. பிரேக் மிதிக்கும்போது நின்றால் பூஸ்டர் ஹோஸ்மேல் சந்தேகம்.

அந்த ஹோஸ் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஐடிலில் த்ராட்டில் ஏறக்குறைய மூடியே இருக்கும். எஞ்சின் இழுக்கும் காற்று மிகக் குறைவு. அப்போது ஒரு சிறு வெடிப்பு வழியே திருட்டுக் காற்று புகுந்தாலும் கலவை மெலிந்து மூச்சு நின்றுவிடும். வேகத்தில் அதே வெடிப்பு தெரியவே தெரியாது. எஞ்சினை ஓடவிட்டு வாக்குவம் ஹோஸ்களை ஒவ்வொன்றாகப் பிளையரால் மெல்ல அழுத்துங்கள். எதை அழுத்தும்போது ஓட்டம் சீராகிறதோ, அதன் வழியில்தான் கசிவு. மேனிஃபோல்டு கேஸ்கெட் ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், கசிவு இருந்தால் எஞ்சின் சத்தம் மாறும். பெட்ரோல் தெளிக்கும் பழைய பழக்கம் மட்டும் வேண்டாம். சூடான எக்ஸாஸ்ட் அருகிலேயே இருக்கிறது.

கசிவு இல்லையென்றால் சாவியை ஆன் செய்து கார்பரேட்டரில் வயர் போகும் சோலனாய்டைக் கவனியுங்கள். ‘டிக்’ கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ஐடில் ஜெட்டுக்குப் பெட்ரோல் போகவில்லை. சோலனாய்டை மாற்றச் சொல்வதற்கு முன் வயருக்குக் கரண்ட் வருகிறதா என்று பாருங்கள். ஜெட் அடைத்திருந்தால் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகி, புது ஜெட் வாங்க வேண்டிவரும்.

பெட்ரோலையும் கவனிக்க வேண்டும். விலை குறைவென்று மாநில எல்லை தாண்டிப் போய் டேங்க் நிரப்புபவர்கள் இங்கே ஏராளம். எந்தப் பக்கம் நிரப்பினாலும் இப்போது வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். ஈரத்தை இழுக்கும் குணம் அதற்கு உண்டு, அந்தக் காலத்து ரப்பரும் அதைத் தாங்கச் செய்ததல்ல. ஆகவே பெட்ரோல் ஹோஸையும் தொட்டுப் பாருங்கள்.

பிளக், பாயிண்ட், வால்வ் கிளியரன்ஸ் எல்லாம் சரியான பிறகே ஸ்க்ரூ. எஞ்சின் சூடாக, சோக் திறந்து, ஏசி அணைந்து இருக்கட்டும். மிக்சர் ஸ்க்ரூவைத் தொடுமுன் எத்தனை சுற்று உள்ளே போகிறது என்று எண்ணி எழுதி வைத்தால், தப்பினாலும் பழைய இடத்துக்குத் திரும்பலாம்.

பில்லில் வெறுமனே ‘ட்யூனிங்’ என்று எழுதாதீர்கள். என்ன பழுது என்று எழுதி, கழற்றிய ஹோஸையும் வண்டிக்காரர் கையில் கொடுத்துவிடுங்கள்.