மண்வாரி இயந்திரத்தின் பற்களும் தண்டுகளும்: பழுதுபார்க்கும் முறை

ஏர்மாடு கட்டி உழுத காலத்தில் குடியானவர் முதலில் கொழுவைத்தான் பார்ப்பார். அது தேய்ந்திருந்தால் கொல்லன் பட்டறையில் காய்ச்சி அடித்து வாங்கிய பிறகே ஏர் பூட்டுவார். தேய்ந்த கொழுவோடு உழுதால் மாடு இளைக்கும், உழவு ஆழாது, கடைசியில் கலப்பைக் கட்டையே தேய்ந்துபோகும் என்பதை அவர் நன்கறிவார். இன்று ஏரி, குளம், வாய்க்கால்களில் தூர் வார மண்வாரி இயந்திரம் வந்திருக்கிறது. ஜே.சி.பி. என்றும் பொக்லைன் என்றும் நம் மக்கள் அதை வழங்குகின்றனர். அதற்கும் கொழு உண்டு. வாளியின் முன்விளிம்பில் வரிசையாக நிற்கும் பற்களே அக்கொழு. அவற்றைக் கவனிப்போர் எத்தனை பேர்?

தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டில் குடிமராமத்துப் பணி மீண்டும் தொடங்கப்பெற்றது. அதன்பின், நீர்நிலைகளைத் தூர் வாருவதில் ஊராருக்கு ஊக்கம் மிகுந்துள்ளது. ஆனால் தூர் வாரும் காலமோ குறுகியது. கோடையில் நீர் வற்றிய பின் தொடங்கி, மழை பிடிக்குமுன் முடித்தாக வேண்டும். இயந்திரத்துக்கு வாடகை மணிக்கணக்கில். பல் மழுங்கினால் வாளி மண்ணில் இறங்காது. டீசல் அதிகம் எரியும். நாளொன்றில் வாரும் மண் குறையும். வீணாகும் ஒவ்வொரு மணியும் பஞ்சாயத்தின் பணமாகும்.

நான் பணியாற்றிய வட்டாரத்தில் ஓர் ஏரியில் நிகழ்ந்ததை இங்குக் கூறுவது பயன் தரும். வாளியின் ஓரப்பல் ஒன்று பின் நழுவி மண்ணில் விழுந்துவிட்டது. ஓட்டுநர் வேலையை நிறுத்தவில்லை; உடனிருந்த எங்களுக்கும் அதன் விளைவு தெரியவில்லை. சில நாட்களில் பல்லைத் தாங்கும் தண்டு தேய்ந்து, புதுப் பல் அதில் நிற்கவில்லை. வாளி நகரத்துப் பட்டறைக்குச் சென்றது. அது திரும்புமுன் மழை வந்துவிட்டது. அவ்வாண்டு ஏரியின் ஒரு பகுதி தூர் வாராமலே கிடந்தது. ஒரு பல்லின் விலையை மிச்சம் பிடித்து, ஒரு பருவத்தின் வாய்ப்பை இழந்தோம்.

அமைப்பு

பெரிய இயந்திரங்களில் வாளியின் விளிம்போடு தண்டு வெல்டிங் செய்யப்பட்டிருக்கும். தண்டின் மூக்கின்மேல் பல் தொப்பிபோல் கவிந்திருக்கும். இரண்டையும் ஒரு பின் பிணைத்திருக்கும். சிறிய இயந்திரங்களில் பற்கள் போல்ட்டால் முடுக்கப்பட்டிருப்பதும் உண்டு. பல் தேய்வதற்கென்றே அமைந்தது, எளிதில் மாற்றத்தக்கது. தண்டை மாற்றுவது பட்டறை வேலை. விளிம்பே தேய்ந்துவிட்டால் செலவு இன்னும் பெருகும். ஆகவே பல்லைக் காலத்தில் மாற்றித் தண்டைக் காப்பதே முழுமுதல் விதி.

எப்போது மாற்றுவது?

பல்லின் நீளம் பாதியளவு தேய்ந்ததும் மாற்றிவிடுதல் நலம். பல்லின் தோல் மெலிந்து துளை விழுந்து, உள்ளே தண்டு தெரியும்வரை காத்திருத்தல் தவறு. ஓரப்பற்கள் நடுப்பற்களைவிட விரைவில் தேயும். அவற்றை அவ்வப்போது இடம் மாற்றிப் பூட்டினால் எல்லாம் ஒருசீராகத் தேயும். மேலும் கீழும் ஒத்த வடிவுள்ள பற்களைப் புரட்டிப் பூட்டலாம்.

மாற்றும் முறை

முதலில் வாளியைத் தரையில் இறக்கிக் கட்டை கொடுத்து, எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிட வேண்டும். தூக்கி நிறுத்திய வாளியின் கீழ் எவரும் கை நீட்டலாகாது. பின்னைச் சம்மட்டியால் தட்டும்போது எஃகுச் சில்லு தெறித்துக் கண் பறிபோகலாம். கண்ணாடி அணிவது கட்டாயம். தண்டின் மூக்கிலுள்ள மண்ணைச் சுரண்டித் துடைத்த பிறகே புதுப் பல்லை ஏற்றுக. பழைய பின்னும் பூட்டும் தளர்ந்திருந்தால் புதியவற்றையே இடுக. பின்னுக்குப் பதிலாகக் கம்பித் துண்டைச் செருகுவதும், பல்லைத் தண்டோடு வெல்டிங் செய்துவிடுவதும் கூடா.

தண்டைப் பழுதுபார்த்தல்

மூக்குச் சிறிதே தேய்ந்திருந்தால், வெல்டிங்கால் அடுக்கடுக்காக நிரப்பி, கிரைண்டரால் தேய்த்து, புதுப் பல்லையே அளவாக வைத்துப் பொருத்திப் பார்க்கலாம். மிகத் தேய்ந்ததையும் வெடித்ததையும் அறுத்தெடுத்துப் புதுத் தண்டு வைப்பதே முறை. அறுக்கும்போது விளிம்பில் வெட்டு விழலாகாது.

வெல்டிங் செய்யுமிடத்தில் துரு, எண்ணெய், பெயிண்ட் இருத்தலாகாது. ஹைட்ரஜன் குறைந்த வெல்டிங் குச்சியே ஏற்றது. கடையில் 7018 என்று கேட்டுப் பெறலாம். ஈரமேறிய குச்சியால் வெடிப்பு உண்டாகும். அடுப்பில் உலர்த்தியே பயன்படுத்த வேண்டும். தண்டும் விளிம்பும் கடினமான கலப்பு எஃகினால் ஆனவை. குளிர்ந்த எஃகின்மேல் வெல்டிங் செய்தால் ஓரத்தில் வெடிக்கும். முன்னதாக ஏறக்குறைய 150 முதல் 200 டிகிரி சென்டிகிரேடு வரை சூடேற்றுவது வழக்கம். தயாரித்தவர் வேறு அளவு குறித்திருப்பின் அதனையே பின்பற்றுக. வேலை முடிந்ததும் தண்ணீர் ஊற்றிக் குளிர்விப்பது பெருந்தவறு. உலர்ந்த மணலால் மூடி மெதுவாக ஆறவிட வேண்டும்.

வாளியைக் கழற்றாமல் வெல்டிங் செய்வதானால் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். எர்த் கவ்வியை வாளியிலேயே, வெல்டிங் செய்யும் இடத்துக்கு அருகில் மாட்டவேண்டும். இல்லையேல் மின்னோட்டம் மூட்டுகளின் வழியாகவும் ஹைட்ராலிக் உருளையின் வழியாகவும் பாய்ந்து அவற்றைக் கெடுக்கும்.

பஞ்சாயத்தார் செய்யவேண்டியவை

இயந்திரம் கொண்டு செய்ய அனுமதி பெற்ற பணிகளில், வேலை தொடங்கும் நாளன்றே வாளியைத் தரையில் இறக்கச் சொல்லிப் பற்களை எண்ணிப் பாருங்கள். தேய்ந்தவற்றை மாற்றிய பிறகே மணிக்கணக்கு தொடங்க வேண்டும் என்று வாடகை பேசும்போதே எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு பற்களும் பின்களும் கையிருப்பாக உடன் வரட்டும். மாலைதோறும் பற்களை மீண்டும் எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் அன்றே தேடி எடுங்கள். சேற்றில் புதைந்த பல் பின்னர் மாட்டின் காலையும் டிராக்டர் டயரையும் கிழிக்கும்.

இவற்றுக்குப் பெரும்படிப்பு வேண்டுவதில்லை. கொழுவைப் பார்த்துப் பழகிய கண்ணே போதும். அக்கண்ணை வாளியின் பக்கமும் சற்றுத் திருப்புவோமாக. மழைக்கு முன் நம் ஏரிகள் ஆழம் பெறும்.