காடு விழுங்கிய பயணம்

பிரேசில் நாட்டிலே, சிங்கு ஆற்றின் தலைப்பகுதியில் பெருங்காடு ஒன்று உளது. அதனுள் பண்டை நகர் ஒன்று மறைந்திருப்பதாக நம்பிய ஆங்கிலேயர் பெர்சி ஃபாசெட், 1925-ஆம் ஆண்டு தம் மைந்தனோடும் அவன் தோழனோடும் அதனைத் தேடிச் சென்றார். மே 29-ஆம் நாளிட்ட மடலே அவருடைய இறுதிக் கடிதம். மூவரும் என்னாயினர் என்பது இன்றளவும் தெளிவாகவில்லை.

அந்நிலத்துக் கலபாலோ மக்கள் வழிவழியாகக் கூறும் செய்தி ஒன்று உண்டு. கிழக்கே செல்லற்க என அவர்தம் முன்னோர் தடுத்தனராம், ஃபாசெட் கேளாது சென்றாராம், ஐந்து நாள் அவர் மூட்டிய தீயின் புகை தெரிந்ததாம், பின்னர்த் தெரியவில்லையாம்.

அக்காட்டிலேயே அகழியும் அகன்ற சாலையும் உடைய பழைய ஊர்களின் தடங்கள் இருந்தமையை 2003-இல் அறிஞர் வெளியிட்டனர். அவர்களுக்குத் துணைநின்றோர் அங்கு வாழும் குய்குரோ மக்களே.

மாணவர்களே! அறியா நிலம் புகுவோர்க்குத் துணிவு மட்டும் போதாது. அந்நிலத்தார் சொல்லும் துணையாதல் வேண்டும்.