அப்பா பி.ஏ. படித்ததற்கு எனக்குத் தண்டனையா?

அன்பு மருமகளுக்கு,

தலைப்பில் இருப்பது உன் கேள்விதான். அரிசி ஆலைக்காரர் மகளான உன் தோழிக்கு முதல் பட்டதாரிச் சான்றிதழ் கிடைக்கிறது, ஜெராக்ஸ் கடைக்காரர் மகளான உனக்குக் கிடைக்காது என்றால் கோபம் வரத்தான் செய்யும். அரசுக் கல்லூரி அலுவலகத்தில் சேர்க்கைப் பிரிவில் காலம் தள்ளியவள் நான். ஆறுதல் சொல்லி மழுப்ப மாட்டேன். உன் கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது. எந்தப் பாதி என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை 2010-ல் கலைஞர் ஆட்சியில் வந்தது. தாத்தா பாட்டி, அப்பா அம்மா, கூடப் பிறந்தவர்கள் என்று வீட்டில் ஒருவர்கூடப் பட்டதாரியாக இருக்கக்கூடாது. கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேர வேண்டும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடையாது. சாதி வரம்பு இல்லை, வருமான வரம்பும் இல்லை. ஒரு வீட்டில் ஒருவருக்குத்தான்: அக்கா வாங்கிவிட்டால் தங்கைக்கு இல்லை. டிகிரி படித்த ஆளே இல்லாத வீட்டில் எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு, எந்தச் சான்றிதழ் என்று சொல்லிக்கொடுக்க யாரும் இருக்க மாட்டார்கள் அல்லவா? அந்தக் குறையை இந்த விதி சரியாகவே அளக்கிறது. பணப்பையை மட்டும் அது திறந்து பார்ப்பதில்லை. அதனால்தான் ஆலைக்காரர் உள்ளே, உன் அப்பா வெளியே.

உன் தோழிக்கு அந்தச் சலுகை இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்? அவள் அப்பா முழுக் கட்டணத்தையும் கட்டி அதே கல்லூரியில் சேர்த்திருப்பார். அரசு கொடுத்த பணத்தால் அவர் செலவு குறைந்தது, அவ்வளவுதான். ஒரு பெண் கூடுதலாகக் கல்லூரிக்குள் வந்துவிடவில்லை. யாருக்கு லாபம் என்று கேட்கும்போதெல்லாம் இந்தக் கேள்வியைப் போட்டுப் பார்: இந்தப் பணம் இல்லையென்றால் அந்தப் பிள்ளை படிப்பை விட்டிருக்குமா?

சில பிள்ளைகள் விட்டிருப்பார்கள் என்பதற்கு 2020 நவம்பரே சாட்சி. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு முதன்முதலாக வந்த ஆண்டு அது. அதற்கு முன்பு நீட் எழுதி இடம் பிடித்த அரசுப் பள்ளிப் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். கலந்தாய்வில் பெயர் கூப்பிட்டார்கள். தனியார் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்த சிலர், கட்டணத்தைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்று எழுந்து போனார்கள். கையில் வந்த டாக்டர் சீட்! பெரிய செய்தியான பிறகுதான் அந்தக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். அடுத்த ஆண்டு இந்த ஒதுக்கீடு பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் என விரிந்தது. கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே கட்டும் என்று ஸ்டாலின் அறிவித்தார். அரசு கட்டும் பணத்துக்கு முழு அர்த்தம் இருப்பது அந்தப் பிள்ளைகளிடம்தான்.

கட்டணத்தை ரத்து செய்தாலே எல்லாரும் படித்துவிடுவார்கள் என்றும் நம்பிவிடாதே. அரசு கலைக் கல்லூரிகளில் பல ஆண்டுகளாகக் கல்விக் கட்டணம் கிடையாது. இருந்தும் முதல் செமஸ்டர் முடிந்து வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் சில பெயர்களுக்கு எதிரே தொடர்ச்சியாக 'ஆப்சென்ட்' என்றே விழுந்திருக்கும். என் மேசைக்கு டி.சி. கேட்டு வந்த பையன்களில் பலர் சென்ட்ரிங் வேலைக்கோ கேட்டரிங் வேலைக்கோ போயிருப்பார்கள். "ஃபீஸ்தான் இல்லையே தம்பி" என்று ஒருவனிடம் சொன்னேன். "ஃபீஸ் இல்ல மேடம், வீட்டுக்கு நான் குடுக்கிற காசு நின்னுபோச்சே" என்றான். கல்லூரிக்கு வரும் நாளெல்லாம் அவனுக்குக் கூலி போகிறது. எந்த ரசீதிலும் அது வராது.

இதைப் புரிந்துகொண்டு வந்த திட்டம் என்று புதுமைப் பெண்ணைச் சொல்வேன். தாலிக்கு 8 கிராம் தங்கமும், படிப்பைப் பொறுத்து 25,000 அல்லது 50,000 ரூபாயும் தந்துவந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டத்தை மாற்றி, 2022 செப்டம்பரில் தொடங்கினார்கள். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியில் இருக்கும்வரை, மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்கிலேயே விழும். 2024 ஆகஸ்டில் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் வந்தது. ஆயிரம் ரூபாய் கூலிக்கு ஈடாகாது. ஆனால் தேர்வுக் கட்டணம் கட்டும் வாரத்தில் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் ஒரு பெண் கவுன்டருக்கு வருவது சின்ன விஷயமில்லை.

கல்லூரி வாசலுக்கே வராதவர்களையும் மறக்காதே. 18 முதல் 23 வயதினரை வைத்துக் கணக்கிடும் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 2021-22-ல் தமிழ்நாட்டில் 47 விழுக்காடு. இந்தியா முழுவதற்கும் 28.4. நாட்டிலேயே முன்வரிசையில் இருக்கும் நம் மாநிலத்திலேயே அந்த வயதினரில் பாதிப் பேருக்குக் கல்லூரி இல்லை. திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் பெண் சோப்பு வாங்கினாலும் செல்லுக்கு ரீசார்ஜ் செய்தாலும் ஜி.எஸ்.டி. கட்டுகிறாள். ஆலைக்காரர் மகளின் கட்டணத்தில் அவள் காசும் இருக்கிறது. அவளுக்குத் திரும்பி வருவது என்ன?

ஆஸ்திரேலியாவில் இதே கேள்விதான் எழுந்தது. 1974-ல் விட்லம் அரசு பல்கலைக்கழகக் கட்டணத்தை எடுத்துவிட்டது. இலவசத்தை அதிகம் அனுபவிப்பது வசதியான வீட்டுப் பிள்ளைகளே என்ற வாதம் வலுத்து, 1989-ல் ஹாக் அரசு ஆண்டுக்கு 1,800 டாலர் என்று திரும்பக் கொண்டுவந்தது. சேரும்போது கட்ட வேண்டாம். சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டியபின் வரியோடு பிடித்துக்கொள்வார்கள். நல்ல ஏற்பாடுதான். சம்பளச் சீட்டே பார்க்காமல் வேலை செய்யும் பட்டதாரிகள் நிறைந்த நம் ஊரில் யாரிடம் போய்ப் பிடிப்பது?

லாபம் பெறும் இன்னொருவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை: கல்லூரி முதலாளி. ஆண்டுதோறும் காலி இடங்களோடு தவிக்கும் சுயநிதிப் பொறியியல் கல்லூரிக்கு, அரசு கட்டணம் கட்டும் மாணவர் என்றால் வசூல் கவலை குறைந்த மாணவர். அதே பணத்தில் அரசுக் கல்லூரியில் இரண்டு ஆசிரியர் பணியிடங்களை நிரப்பலாமே என்று எனக்குத் தோன்றும். அரசுக் கல்லூரியில் எல்லாருக்கும் இலவசம் இருக்கட்டும். தனியாருக்கு அரசு கட்டுவதென்றால் வருமானம் பார்த்துக் கட்டட்டும். இது என் கட்சி. என்னோடு வேலை பார்த்தவர்களே ஒப்புக்கொள்ள மாட்டார்கள்: வருமானம் பார்க்க ஆரம்பித்தால் பொய்ச் சான்றிதழ் பெருகும் என்பார்கள். அதுவும் பொய்யில்லை.

இப்போது உன் கணக்குக்கு வருகிறேன். நீ படிப்பது அரசு உதவிபெறும் பள்ளி, தமிழ் வழி. 2024 டிசம்பர் முதல் அப்படிப்பட்ட பள்ளிப் பெண்களுக்கும் புதுமைப் பெண் உண்டு, உனக்கு வரும். 7.5 விழுக்காடு உனக்கு இல்லை. உன் பள்ளி ஆசிரியர்களுக்குச் சம்பளம் தருவது அரசு, உன் வகுப்பில் இருப்பதும் அரசுப் பள்ளியில் இருக்கும் அதே வீட்டுப் பிள்ளைகள். நீ கோபப்பட வேண்டிய இடம் அதுதான். ஆலைக்காரர் மகளை விட்டுவிடு.

கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் போடும்போது அரசுப் பொறியியல் கல்லூரிகளை முதலில் போடு. கட்டணம் அங்கே மிகக் குறைவு. பி.சி., எம்.பி.சி. மாணவர்களுக்கான உதவித்தொகை வருமானம் பார்த்துத் தருவது. அதற்கு வருமானச் சான்று வேண்டும். ரிசல்ட் வந்த மறுநாள் இ-சேவை மையத்தில் கால் வைக்க இடம் இருக்காது, வி.ஏ.ஓ.வையும் பிடிக்க முடியாது. சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, வருமானச் சான்று மூன்றுக்கும் இந்த மாதமே விண்ணப்பித்துவிடு. ஆதாரில் உன் இனிஷியல் பள்ளிப் பதிவேட்டில் உள்ளது போலவே இருக்கிறதா என்று அப்பாவைப் பார்க்கச் சொல்.

அன்புடன்,
அத்தை