புதிய இறால் குளத்தில் நூல்பாசி: மருந்தை விட ஆழமே மேல்

திருவள்ளூர் மாவட்டத்தில் பழவேற்காடு ஏரியையும் பக்கிங்ஹாம் கால்வாயையும் ஒட்டிய உவர்நிலங்களில் இறால் வளர்ப்பு நடைபெற்று வருகிறது. பொன்னேரி, கும்மிடிப்பூண்டி பகுதிகளில் நெல்லுக்கு உதவாத நிலத்தைக் குளமாக வெட்டி இத்தொழிலில் இறங்கும் சிறு விவசாயிகளுக்கு முதல் போகத்திலேயே ஒரு சோதனை வருவதுண்டு. நீர் ஏற்றிப் பத்து நாள் ஆகியும் தண்ணீர் கண்ணாடி போலத் தெளிந்திருக்கும். அடித்தரை பச்சைக் கம்பளம் விரித்தாற்போலத் தோன்றும். அடுத்த வாரம் அந்தக் கம்பளம் நூல் நூலாக எழும்பி, திட்டுத்திட்டாக மேலே மிதக்கத் தொடங்கும். இதுவே நூல்பாசி.

தண்ணீர் தெளிவாக இருக்கிறதே என்று மகிழ்வதுதான் இதில் முதல் தவறு. குடிநீருக்குத் தெளிவு நல்லது. இறால் குளத்துக்கு நல்லதன்று. குளத்து நீரில் கண்ணுக்குத் தெரியாத மிதவை நுண்பாசிகள் பெருகினால் நீர் இளம்பச்சையாகவோ பழுப்பாகவோ நிறம் மாறும். அந்த நிறமே குடை போல நின்று அடித்தரைக்கு வெயில் படாமல் தடுக்கும். பழைய குளங்களில் இந்த நிறம் எளிதில் வந்துவிடும். புதுக் குளத்தின் மண்ணில் மட்கு குறைவு. நுண்பாசி பிடிக்க நாளாகும். அதற்குள் வெயில் தரையைத் தொட்டு, நூல்பாசி வேர் பிடித்தாற்போல ஒட்டிக்கொள்கிறது. பிறகு போடும் உரச்சத்தையெல்லாம் அதுவே உறிஞ்சிக்கொள்வதால் நீர் நிறம் பிடிப்பதே இல்லை. வீட்டில் கண்ணாடித் தொட்டியில் கடல்நீர் நிரப்பி அலங்கார மீன் வளர்ப்போரும் இதே தொல்லையைக் காண்கிறார்கள். முதல் சில வாரங்களில் கண்ணாடியில் பழுப்புப் படலம், பிறகு பச்சை நூல். வெளிச்சமும் சத்தும் இருந்து, அவற்றைப் பங்கிட வேறு உயிர் இல்லாத இடத்தில் பாசி முந்திக்கொள்ளும்.

ஆகவே கணக்கு வெயிலைப் பற்றியது. அதைக் கைக்கு எட்டும் செலவில் அளக்கலாம். 20 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள வட்டத் தகரம் ஒன்றை நான்கு பாகமாக்கிக் கறுப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றிப் பூசி, அளவு குறித்த கோலின் நுனியில் பொருத்திக்கொள்ள வேண்டும். காலை பத்து மணி அளவில் அதை நீரில் மெல்ல இறக்கினால், தட்டு கண்ணுக்கு மறையும் ஆழம் நீரின் தெளிவைக் காட்டும். இறால் குளத்தில் இது 30 முதல் 40 சென்டிமீட்டர் வரை இருப்பது நன்று. பாசி வளரப் போதுமான வெளிச்சம் ஏறத்தாழ இதைப் போல் இரண்டு மடங்கு ஆழம் வரை செல்லும். தட்டு 40 சென்டிமீட்டரில் மறைந்தால் 80 சென்டிமீட்டர் வரை வெளிச்சம் உண்டு என்று கொள்ளலாம். ஒரு மீட்டருக்கு மேல் நீர் நிற்கும் குளத்தில் தரை இருட்டாகிவிடும். இரண்டடி நீர் நிற்கும் குளத்தில், நிறம் வந்த பிறகும் தரைக்கு வெயில் கிடைத்துக்கொண்டே இருக்கும்.

இரண்டடி நீரோடு குஞ்சு விடுவது நம் பகுதியில் ஏன் நடக்கிறது என்பது தெரியாததன்று. ஒரு ஏக்கர் குளத்தில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு நீர் நிறுத்த ஏறக்குறைய 40 லட்சம் லிட்டர் ஏற்ற வேண்டும். டீசல் விலையை நினைத்து, ‘குஞ்சு சிறிதுதானே, வளர வளர ஏற்றிக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போடுகிறார்கள். புதுக் கரை வேறு நீரைக் கசியவிடும். ஏற்றிய நீரும் ஒரு சாண், இரண்டு சாண் என்று இறங்கும். டீசலில் மிச்சம் பிடித்த பணம் பின்னால் பாசி வாரும் கூலிக்கே போதாது. கையில் முதல் குறைவாக இருந்தால், இரண்டு குளத்தில் அரைகுறையாக நீர் நிறுத்துவதை விட ஒரு குளத்தில் முழு ஆழம் நிறுத்தி அதில் மட்டும் குஞ்சு விடுவது உசிதம்.

பாசியால் வரும் கேடு பகலில் தெரியாது. பகலில் அது பிராணவாயுவை வெளியிடும். மாலையில் நீரின் கார நிலை 9-க்கு மேல் ஏறவும் கூடும். அப்படி ஏறினால் நீரில் உள்ள அம்மோனியா நஞ்சாக மாறுகிறது. இரவில் பாசியும் இறாலைப் போலவே பிராணவாயுவை உட்கொள்ளும். விடியலுக்கு முன் நீரில் பிராணவாயு மிகக் குறைந்துவிடும். லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருக்க வேண்டியது, பாசி மிகுந்த குளத்தில் அதற்கும் வெகு கீழே இறங்கலாம். குஞ்சுகள் நூலில் சிக்கி மடிவதும் உண்டு. தீவனம் பாசி மேல் தங்கி அழுகும். கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளில் வேலை பார்த்துக்கொண்டே குளத்தையும் கவனிப்போர் மாலையில் வந்து பார்க்கும்போது எல்லாம் நன்றாகவே தோன்றும். குளத்தைப் பார்க்க வேண்டிய நேரம் அதிகாலை நான்கு மணி. இரவுப் பணியில் இருப்பவர்கள் வீட்டில் ஒருவரையாவது அந்த நேரத்துக்குப் பழக்கி, இறால் கரையோரம் ஒதுங்குகிறதா, நீர்மட்டத்தில் நீந்துகிறதா என்று பார்க்கச் செய்ய வேண்டும். ஏரேட்டர் இருந்தால் நள்ளிரவு முதல் விடியும் வரை ஓட்டுவது அவசியம்.

இந்நிலையில் கடையில் மயில் துத்தம் வாங்கிக் கரைத்து ஊற்றும்படி அறிவுரை சொல்வோர் உண்டு. பாசி சாகும் என்பது மெய்தான். ஆனால் செத்த பாசி முழுவதும் ஒரே சமயத்தில் அழுகும்போது, இருக்கிற பிராணவாயுவையும் அதுவே தின்றுவிடும். நாம் வரவழைக்க நினைக்கும் மிதவை நுண்பாசியும் கூடவே மடியும். தாமிரம் இறாலின் செவுளுக்கும் ஆகாது. அடிமண்ணில் தங்கியும் விடும். குஞ்சு விட்ட குளத்தில் இதைத் தொடவே கூடாது.

சரியான வழி குஞ்சு விடுவதற்கு முன்பே தொடங்குகிறது. குளத்தை வெடிப்பு விழும்வரை காயவைத்து, தரையில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாசியைச் சுரண்டி வெளியேற்ற வேண்டும். மண் பரிசோதனைப்படி சுண்ணாம்பு இட்டபின், வலைப்பை கட்டி நீரை ஒரே தொடர்ச்சியாக ஒரு மீட்டருக்கு மேல் ஏற்ற வேண்டும். இதன் பிறகே உரம். இந்த வரிசை மாறி, அரை ஆழ நீரில் உரமிட்டால் அது நூல்பாசிக்கு இட்ட உரமாகிவிடும். நெல் தவிட்டுடன் வெல்லமும் சிறிது ஈஸ்டும் சேர்த்து ஒருநாள் புளிக்கவைத்த கரைசலைச் சிறு அளவில் சில நாள் விட்டு விட்டுக் காலையில் தெளித்து வரலாம். நடுநடுவே சங்கிலியை இழுத்துத் தரையைக் கலக்கிவிட்டால் பாசி ஒட்டாது; நீரும் நிறம் பிடிக்கும். சங்கிலி இழுப்பது குஞ்சு விடும் முன்பு மட்டுமே. தட்டு 40 சென்டிமீட்டரில் மறையும் நாள் வரை, ஒரு வாரம் தாமதமானாலும், குஞ்சு எடுக்கப் போகக் கூடாது.

நிறம் சீக்கிரம் வரட்டும் என்று பக்கத்துக் குளத்தின் பச்சை நீரைக் குடம் குடமாக எடுத்து ஊற்றும் பழக்கம் ஆபத்தானது. 1994 முதல் நம் நாட்டு இறால் பண்ணைகளை ஆட்டி வைக்கும் வெண்புள்ளி நோய் அந்தக் குடத்திலேயே வந்து சேரும்.

வடகிழக்குப் பருவமழை விட்டவுடன் நீர் எடுப்பதிலும் நிதானம் வேண்டும். வயல்களின் உரச்சத்தும், ஊர்களையும் தொழிற்பேட்டைகளையும் கடந்து வரும் ஓடைகளின் கழிவும் அப்போது கால்வாயில் சேரும். உப்பும் குறைந்திருக்கும். சில நாள் பொறுத்து, கடல்நீர் ஏறும் வேளை பார்த்து எடுப்பதே நன்று.

குஞ்சு விட்டபின் பாசி கண்டுவிட்டால் கையால் வாருவதைத் தவிர வேறு சுருக்கு வழி இல்லை. காற்று வீசும் திசையில் மிதக்கும் பாசி ஒரு மூலையில் ஒதுங்கும். வெயில் ஏறிய பின், காலை ஒன்பது மணிக்கு மேல், அந்த மூலையில் வலையாலோ மரவாரியாலோ சேற்றைக் கிளறாமல் அள்ள வேண்டும். குளம் முழுவதையும் ஒரே நாளில் வாரினால் இறால் மிரளும். நாளுக்குக் கால் பங்கு என்று பிரித்துக்கொள்வது நல்லது. அள்ளிய பாசியில் சிக்கிய குஞ்சுகளை உதறிக் குளத்தில் விட்டுவிட வேண்டும். கூடவே நீரையும் உயர்த்தாவிட்டால் வாரிய இடத்தில் மறுபடி முளைக்கும்.

தரையில் படரும் பாசியைப் பிலிப்பைன்ஸ் நாட்டு விவசாயிகள் பயிராகவே வளர்த்தார்கள் என்பது வேடிக்கையாக இருக்கலாம். குளத்தில் ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலாக நீர் நிறுத்தி, தரையில் ‘லாப்லாப்’ என்ற பாசிப் படலத்தை வேண்டுமென்றே வளர்த்து, அதைப் பால் கெண்டை மீனுக்கு இரையாக்கினார்கள். முட்டுக்காட்டில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தாரும் 2015-இல் பால் கெண்டையைப் பண்ணையிலேயே இனப்பெருக்கம் செய்வித்தனர். கேரளத்தில் கரிமீன் எனப்படும் மீனும் நூல்பாசியை விரும்பித் தின்னும். இறால் குளத்தில் இம்மீன்களைக் கலந்துவிடுவது நோய்க் காப்புக்குப் பொருந்தாது. ஆனால் கரை கசிந்து ஆழம் நிறுத்தவே முடியாத குளம் வைத்திருப்பவர்கள், அதில் இறாலோடு மல்லுக்கட்டுவதை விட்டுப் பால் கெண்டைக்கு மாறுவது பற்றி மீன்வளத் துறை அலுவலரைக் கலந்து பேசலாம்.

வாரிய பாசியைக் கரை மேல் போட்டுவைத்தால் மழையில் கரைந்து மீண்டும் குளத்துக்கே வரும். தள்ளிக் குவித்து, ஒரு பருவமழையில் உப்பு கழுவிப் போனபின் தென்னைக்கு இடலாம். நெல் வயலில் போட வேண்டாம்.