மலைநடைக்கு எந்த மழைக்கோட்டு?

ஜூன் இரண்டாம் வாரம் கழிந்துவிட்டால் மும்பை, புனே வட்டாரத்தில் நம் வீட்டுப் பிள்ளைகளைச் சனி, ஞாயிறுகளில் வீட்டில் பிடித்து வைக்க முடியாது. லோணாவளாவில் இறங்கி ராஜ்மாச்சி, கர்ஜத்தில் இறங்கி பீமாசங்கர் என்று மழையிலேயே மலையேறக் கிளம்பிவிடுகிறார்கள். இவற்றில் தேறியவர்கள் ஜூலையில் கோலாப்பூர் போய், பன்ஹாளா கோட்டையிலிருந்து பாவன்கிண்ட் கணவாய் வரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தூரத்தை இரண்டு நாளில் நடக்கிறார்கள். 1660 ஜூலையில் முற்றுகையிலிருந்து தப்பிய சிவாஜி விசால்கட் போய்ச் சேரும்வரை, பாஜி பிரபு தேஷ்பாண்டே எதிரியை மறித்து நின்று உயிர்விட்ட வழி அது. இன்னொரு பக்கம் நம் பெரியவர்களில் சிலர், பாண்டுரங்கன் மேல் உள்ள பக்தியால், ஆளந்தியிலிருந்து பண்டரிபுரம் வரை சுமார் 250 கிலோமீட்டர் பால்கியோடு நடக்கிறார்கள். இரண்டுமே மழைக்கால நெடுநடைதான். ஆனால் இரண்டுக்கும் வேண்டிய மழைக்காப்பு ஒன்றல்ல.

இதைப் பற்றி எழுத எனக்கு உள்ள தகுதி ஒன்றுதான். துணிக்கு ரசாயனப் பூச்சு ஏற்றும் ஆலையில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். மழைக்கோட்டுத் துணியைப் பூசியிருக்கிறேன், சோதித்திருக்கிறேன், அதைப் போட்டுக்கொண்டு நடந்தும் இருக்கிறேன். அதனால் சங்கத்து அன்பர்கள் வருடா வருடம் என்னைக் கேட்பதுண்டு. "அண்ணாச்சி, பையன் எட்டாயிரம் ரூபாய்க்கு ஒரு சட்டை வேணுங்கிறான். ஸ்கூட்டருக்கு வாங்கின ரெயின்கோட்டு சும்மாதானே கிடக்கு, அதப் போட்டுக்கிட்டுப் போனா ஆகாதா?" நியாயமான கேள்வி. பதிலைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

முதலில், மழைக்கோட்டு எதற்கு? நனையாமல் இருக்க என்போம். ஆனால் சஹ்யாத்ரி மலையில் ஜூலை மாதத்தில் எட்டு மணி நேரம் நடப்பவர் நனையாமல் இருக்கவே முடியாது. மழையால் நனையாவிட்டால் வியர்வையால் நனைவார். அங்கே மழையுடையின் வேலை உடம்புச் சூட்டைக் காப்பது. நீர், காற்றைவிட 20 மடங்குக்கும் மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். பன்ஹாளா வழியில் மசாய் பட்டார் என்று ஒரு பரந்த மேட்டுவெளி வருகிறது. ஒதுங்க மரம் கிடையாது. மேற்கிலிருந்து காற்று மழையைக் கிடைமட்டமாக அடிக்கும். வெப்பநிலை 20, 22 டிகிரிதான் இருக்கும். "இதெல்லாம் ஒரு குளிரா?" என்று தோன்றும். ஆனால் நனைந்த பனியன், காலை உணவோடு சரி, மேலே விடாத காற்று என்று மூன்றும் சேர்ந்தால் ஒல்லியான பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கிவிட முடியும். நடுக்கம், பிறகு பேச்சில் குழறல், காலில் தடுமாற்றம். நடுங்கிக்கொண்டிருந்தவர் நடுக்கம் நின்று சும்மா உட்கார்ந்துவிட்டால் சரியாகிவிட்டது என்று நினைக்கக் கூடாது. நிலைமை மோசமாகிவிட்டது என்று பொருள்.

ஆகவே காற்றைத் தடுப்பது முதல் வேலை, நீரைத் தடுப்பது இரண்டாவது, தோளில் கனக்காமல் இருப்பது மூன்றாவது. இந்த மூன்றாவதை அலட்சியமாக நினைக்க வேண்டாம். ரப்பர் பூசிய பருத்திக் கோட்டு ஒன்று கிலோவுக்கு மேல் இருக்கும். கனமாக இருக்கிறதே என்று வீட்டிலேயே விட்டுவிட்டுப் போன கோட்டினால் யாருக்கும் பயனில்லை. பையிலேயே கிடக்கும் 300 கிராம் உடைதான் வேண்டிய நேரத்தில் கைக்கு வரும்.

மழையை உடுத்தித் தடுப்பது மனிதனுக்குப் பழைய வித்தை. நம் ஊரில் சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் மடித்துத் தலையில் மாட்டும் கொங்காணியைப் பார்க்காதவர் உண்டா? கொங்கண வயல்களில் நாற்று நடும் பெண்கள் மூங்கில் பிளாச்சில் இலை வேய்ந்த 'இர்லே' என்பதை முதுகில் கவிழ்த்துக்கொள்வார்கள். தங்கர் இடையர்களுக்குக் 'கோங்கடி' என்னும் கம்பளி. இவற்றில் ஒரு பொதுக் குணம் இருக்கிறது. முதுகும் தலையும் மூடியிருக்கும், முன்பக்கமும் கீழ்ப்பக்கமும் திறந்திருக்கும். காற்று உள்ளே வந்து போகும்.

1823-இல் ஸ்காட்லாந்துக்காரர் சார்லஸ் மெக்கிண்டாஷ், கீல் எண்ணெயில் கரைத்த ரப்பரை இரண்டு துணிகளுக்கு நடுவே ஒட்டிக் காப்புரிமை வாங்கினார். நீர் நின்றுபோயிற்று. அதோடு வியர்வை போகும் வழியும் அடைபட்டது. அன்றிலிருந்து இந்தத் தொழில் முழுவதும் இந்த ஒரு சிக்கலைத்தான் அவிழ்க்கப் பார்க்கிறது. ஸ்கூட்டர் கோட்டு இந்த ரகம்தான், ரப்பருக்குப் பதில் பி.வி.சி. வண்டியில் உட்கார்ந்து போகிறவருக்கு அது போதும், உட்கார்ந்திருப்பவருக்கு வியர்க்காது. மலை ஏறுகிறவருக்கோ மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை வியர்க்கலாம். அரை மணியில் இட்லிப் பானைக்குள் இருப்பது போல் ஆகிவிடும். கேட்டவருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: ஸ்கூட்டர் கோட்டு நடைக்கு ஆகாது. அதற்காக எட்டாயிரமும் வேண்டியதில்லை.

அந்த எட்டாயிரம் ரூபாய்ச் சட்டையில் என்ன இருக்கிறது? 1969-இல் அமெரிக்காவில் பாப் கோர் என்பவர் டெஃப்லான் தண்டைச் சூடாக்கி வெடுக்கென்று இழுத்தபோது அது நுண்துளைகள் நிறைந்த பொருளாக விரிந்தது. அதிலிருந்து வந்ததுதான் கோர்-டெக்ஸ். நீர்த்துளி நுழைய முடியாத, ஆனால் நீராவி வெளியேறக்கூடிய சவ்வு. இப்போது பல நிறுவனங்கள் பல பெயர்களில் இப்படிப்பட்ட சவ்வுகளைச் செய்கின்றன. நல்ல பொருள், மறுக்கவில்லை. ஆனால் கடைக்காரர் சொல்லாத ஒன்று உண்டு. ஆவி தானாக வெளியே ஓடாது. உள்ளே ஆவியழுத்தம் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் போகும். தோலருகே ஈரமான 33 டிகிரிக் காற்றில் அந்த அழுத்தம் சுமார் 5 கிலோபாஸ்கல். ஐரோப்பிய மலையில் 5 டிகிரி மழையில் வெளியே 0.9-தான், வித்தியாசம் 4-க்கு மேல். நம் சஹ்யாத்ரியில் 22 டிகிரி மழையில் வெளியே 2.6. வித்தியாசம் 2.4-ஆகச் சுருங்கிவிடுகிறது. அதாவது அங்கே வேலை செய்வதில் பாதியைச் சற்றுத் தாண்டித்தான் இங்கே வேலை செய்யும். மேல்துணியில் நீர் உருண்டோடச் செய்யும் பூச்சு தேய்ந்து, துணி நீரில் ஊறிப்போனால் அதுவும் இல்லை. கம்பளிச் சட்டை போடும் நாட்டுக்கு வடிவமைத்ததை இங்கே அப்படியே நம்பக் கூடாது. இமயமலைக்கு, பூப்பள்ளத்தாக்குக்கோ ஹேம்குண்டுக்கோ போகிறவர்கள் வாங்கலாம். அங்கே குளிரில் அது காசுக்கு உழைக்கும்.

இங்கே நான் சிபாரிசு செய்வது பாலியூரிதேன் அல்லது சிலிக்கோன் பூசிய மெல்லிய பாஞ்சோ. தலைக்கு ஒரு துளையும் முக்காடும் உள்ள அகலத் துணி, அவ்வளவுதான். 250 முதல் 400 கிராம். முதுகுப்பையையும் சேர்த்து மூடிக்கொள்ளும். கீழே திறந்திருப்பதால் காற்று ஓடும். இர்லேயின் புத்திதான் இதிலும். பக்கவாட்டில் அழுத்துப் பொத்தான் இருக்க வேண்டும். இடுப்பில் ஒரு கயிறு கட்டிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் மசாய் பட்டாரில் அது பாய்மரமாகிவிடும்.

பாஞ்சோவுக்கு ஒரு பெரிய குறை உண்டு. கால் தெரியாது. கள்சுபாய் சிகரத்தில் இரும்பு ஏணிகள் இருக்கின்றன. அங்கே பாஞ்சோவின் முன்பகுதி படியில் மாட்டினால் விளைவு விபரீதமாகும். ஏணியும் செங்குத்துப் பாறையும் உள்ள வழிக்கு இடுப்பளவு சட்டைதான் சரி. அக்குளில் ஜிப் வைத்தது கிடைத்தால் விலை சற்றுக் கூடினாலும் வாங்கலாம். எந்தச் சவ்வைவிடவும் அந்த ஜிப்பைத் திறந்து வைப்பது அதிக ஆவியை வெளியேற்றும்.

துணியில் டெனியர் என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராம் என்பதே டெனியர். சாதாரண மழைக்கோட்டு 70 டெனியர். இலேசானவை 15, 20, 30. எண் குறையக் குறைய எடை குறையும், கிழிவதும் எளிதாகும். சஹ்யாத்ரி வழிகளில் இருபுறமும் கர்வந்தாப் புதர். வேறொன்றுமில்லை, நம் களாக்காய்தான். அதன் முள்ளுக்கு 15 டெனியர் தாங்காது. 30-க்கும் 70-க்கும் நடுவில் பாருங்கள். நைலானா பாலியெஸ்டரா என்றால், நைலான் கிழிய மாட்டேன் என்று அடம்பிடிக்கும், ஆனால் ஈரத்தில் தொய்யும். பாலியெஸ்டர் தொய்யாது. சாதாரணக் காற்றிலிருந்து பருத்தி தன் எடையில் 8.5 சதவீதம் ஈரத்தை இழுக்கும், நைலான் 4, பாலியெஸ்டர் வெறும் 0.4. இந்தக் கணக்கைப் பார்த்தாலே மழைக்கோட்டுக்கு உள்ளே என்ன போட வேண்டும் என்பதும் புரியும். பருத்தி பனியனும் ஜீன்ஸும் வேண்டவே வேண்டாம். விளையாட்டு வீரர்கள் போடும் பாலியெஸ்டர் பனியன், அதற்கு மேல் குளிருக்கு ஒரு மெல்லிய கம்பளி. கம்பளி ஈரத்தை நிறையவே குடிக்கும், ஆனாலும் உடம்போடு ஒட்டிக் கிடக்காது, ஓரளவு சூடு தரும்.

இனி கடையில். எத்தனை மில்லிமீட்டர் நீர் தாங்கும் என்று சீட்டில் போட்டிருக்கும். துணியின் மேல் அத்தனை உயரத்துக்கு நீரை நிறுத்தினாலும் ஒழுகாது என்று பொருள். வெறும் மழைக்கு 1,500 போதும். முதுகுப்பையின் பட்டை அழுத்தும் தோளில் அது போதாது, அங்கே 3,000, 5,000 என்று இருப்பது நல்லது. 10,000, 20,000 என்பதற்குக் காசைக் கொட்டாதீர்கள். துணி ஒழுகி நான் பார்த்ததைவிடத் தையல் ஒழுகிப் பார்த்ததுதான் அதிகம். ஊசி போன ஒவ்வோர் இடமும் ஓட்டைதான். உள்பக்கத்தைப் புரட்டித் தையல் நெடுக நாடா ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், முக்கியமாக முக்காடு சேரும் இடத்திலும் தோளிலும். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் சமையலறைத் தராசில் எடை போடுங்கள். பிறகு பிள்ளையைக் கோட்டோடு குளியலறைத் தூவாலையின் கீழ் பதினைந்து நிமிடம் நிறுத்துங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் திருப்பிக் கொடுக்க வேண்டியதை அன்றே திருப்பிக் கொடுத்துவிடலாம். நிறம் ஆரஞ்சோ மஞ்சளோ இருக்கட்டும். மலைமேல் மூடுபனியில் கறுப்பும் கரும்பச்சையும் பத்தடியில் மறைந்துவிடும். கூட்டத்தில் ஒருவர் பின்தங்கினால் தேட வேண்டியிருக்கும்.

பால்கியோடு நடப்பவர்கள் கதை வேறு. புனே தாண்டி திவே காட் ஏறிவிட்டால் ஜேஜுரி, நீரா, பல்டண் என்று மழை மறைவுப் பகுதி. திடீரென்று ஒரு சாரல் வரும், அரை மணியில் வெயில் வரும். அங்கே வார்க்கரிகளைப் பாருங்கள், தலைக்கு மேல் ஒரு பாலித்தீன் தாள், அவ்வளவுதான். கேலியாக நினைக்க வேண்டாம். ஒன்றரைக்கு இரண்டு மீட்டர் அளவில் 100 மைக்ரான் தாள் வாங்கினால் சுமார் 275 கிராம். மழைக்கு முக்காடு, இரவில் தரைக்கு விரிப்பு. கூட ஒரு குடையும் எடுத்துக்கொண்டால் வெயிலுக்கும் ஆயிற்று, 350 கிராம் கூடும். தார்ச்சாலை நடைக்குக் குடையைப் போலக் காற்றோட்டமான மழைக்காப்பு எதுவுமே இல்லை. மலை மேட்டில் மட்டும் குடை உதவாது, காற்று திருப்பிவிடும். மின்னல் அதிகமுள்ள ஜூன் தொடக்கத்திலும் செப்டம்பர் கடைசியிலும் திறந்த வெளியில் குடையை விரித்து நிற்கவும் கூடாது.

எந்த வழியானாலும், எந்தக் கோட்டானாலும், முதுகுப்பைக்கு உள்ளே தடித்த பாலித்தீன் பை ஒன்றை விரித்து, அதற்குள் ஒரு சோடி உடுப்பு, காலுறை, துண்டு வைத்து வாயை முறுக்கிக் கட்டி அனுப்புங்கள். பைக்கு வெளியே மாட்டும் உறையை மட்டும் நம்ப வேண்டாம், முதுகு வழியே நீர் இறங்கிவிடும். அந்த உலர்ந்த உடுப்பு இரவு தங்கும் இடத்துக்கு மட்டும். எவ்வளவு நனைந்திருந்தாலும் நடுவழியில் எடுத்துப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். யாராவது நடுங்கி, பேச்சுக் குழறிப்போனால் மட்டும் இந்தத் தடை கிடையாது. உடனே ஒதுக்குப்புறத்தில் உட்காரவைத்து, ஈரத்தைக் கழற்றி, உலர்ந்ததைப் போட்டு, பாஞ்சோவால் சுற்றி, இனிப்பாகச் சூடான தேநீர் கொடுக்க வேண்டும். விழுங்க முடிகிற நிலையில் இருந்தால்தான் குடிக்கக் கொடுப்பது.

திரும்பி வந்ததும் கோட்டை ஈரத்தோடு மடித்துப் பரணில் போடாதீர்கள். பாலியூரிதேன் பூச்சுக்கு ஈரப்புழுக்கம் எதிரி. இரண்டு மழைக்காலத்தில் பிசுபிசுத்துச் செதில் செதிலாக உரியும். சோப்பு மிச்சம் இல்லாமல் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தித் தளர்வாகத் தொங்கவிடுங்கள். மேலே நீர் உருளாமல் ஊற ஆரம்பித்தால், சீட்டில் இஸ்திரி போடலாம் என்றிருந்தால், மெல்லிய துணியை மேலே விரித்து இளஞ்சூட்டில் தேயுங்கள். பூச்சு ஓரளவு மீளும். புளித்த வாடை வந்துவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. வெட்டி, முதுகுப்பைக்கு உறை தைத்துக்கொள்ளலாம்.