பெரியவங்க கதையை எழுதி வைப்போம்



யாழ்ப்பாணத்துக் காரைநகர்ப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் இறந்து 31ஆம் நாள் காரியத்துக்கு வருபவர்களிடம் ஒரு சிறு புத்தகம் கொடுப்பார்கள். அதற்குப் பெயர் ‘கல்வெட்டு’. கல்லில் வெட்டியதல்ல, அச்சடித்ததுதான். இறந்தவரின் படம், பெற்றோர், பிள்ளைகள், பார்த்த தொழில் எல்லாம் அதில் இருக்கும். இறந்த மாதத்தையும் திதியையும் ஒரு வெண்பாவில் சொல்லியிருப்பார்கள். வருடா வருடம் திவசம் கொடுக்க அது உதவும். 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் இந்தப் புத்தகங்களையும் சேர்த்துக் கணினியில் பாதுகாக்கிறது. ஏனென்றால் ஊரின் வரலாறும் அதில்தான் கிடக்கிறது.

நம்ம லயங்களில் எப்படி? கருமாதி முடிந்ததும் படத்துக்கு மாலை போடுகிறோம், அத்தோடு சரி. எங்க அப்பாயியின் குடும்பம் தமிழ்நாட்டில் எந்த ஊர் என்று நான் கேட்டு வைக்கவில்லை. இப்போ கேட்க ஆளில்லை.

அச்சடிக்கக் காசு வேண்டாம். ஒரு கொப்பி போதும். அதில் எழுத வேண்டியவை:

1. முழுப் பேர், வீட்டில் கூப்பிட்ட பேர்.
2. பெற்றோர் பேர், பூர்வீக ஊர்.
3. வேலை செய்த தோட்டம், மலை, செய்த வேலை.
4. பட்ட கஷ்டம், பிள்ளைகளை வளர்த்த விதம்.
5. அடிக்கடி சொன்ன ஒரு சொல்.
6. இறந்த தேதி, மாதம், திதி.

எழுதத் தெரியாதவங்க சொல்லட்டும், பள்ளிக்கூடம் போகிற பிள்ளை எழுதட்டும். வீட்டில் தாத்தாவோ அம்மாயியோ இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்க. அவங்க இருக்கும்போதே எழுதினால்தான் அது முழுக்கதை.