இடது கைகால் விழுந்தாலும் பேச்சைச் சோதியுங்கள்

பேச்சுப் பயிற்சித் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே,

வலக்கைக்காரருக்கு மொழி இடது மூளையில் என்று படித்திருப்பீர்கள். 1860களில் பாரிஸில் பால் பிரோக்கா கண்டு சொன்னது அது. பெரும்பாலோருக்கு உண்மையும்கூட. ஆனால் வலக்கைக்காரர் சிலருக்கு வலது மூளையில் பக்கவாதம் வந்து, இடது கைகால் விழும்போதும் மொழி போய்விடுகிறது. எடின்பரோ மருத்துவர் பைரம் பிராம்வெல் 1899இல் இந்த மொழியிழப்பைக் குறுக்கு அஃபேசியா என்றார். அபூர்வம் என்பதாலேயே இது நம் கண்ணுக்குத் தப்புகிறது.

1. பக்கவாதம் வந்த எல்லோருக்கும் மொழியைச் சோதியுங்கள். சரளமாகப் பேசுவது, சொன்னதைப் புரிந்துகொள்வது, பொருளுக்குப் பெயர் சொல்வது, திருப்பிச் சொல்வது, வாசிப்பது, எழுதுவது ஆகிய ஆறில் ஒன்றையும் விடாதீர்கள்.

2. குழறலை அஃபேசியாவிலிருந்து பிரித்தறியுங்கள். குழறுபவருக்குச் சொல் தெரியும், நாக்குதான் ஒத்துழைக்காது. அஃபேசியாவில் சொல்லே அகப்படாது. சாவியைப் பூட்டு என்பார். இதை மனக்குழப்பம் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

3. கைப்பழக்கத்தை வீட்டாரிடம் துருவிக் கேளுங்கள். நம் வீடுகளில் இடக்கைப் பிள்ளைகளை அதட்டி, வலக்கையால் உண்ணவும் எழுதவும் வைத்திருப்பார்கள். கல் எறிந்தது, சுத்தியல் பிடித்தது எந்தக் கை? குடும்பத்தில் இடக்கைக்காரர் உண்டா? சிறுவயதில் மூளையில் அடிபட்டதா? இடக்கைப் பழக்கம், குடும்பத்தில் இடக்கைக்காரர், பழைய அடி எதுவும் இல்லாமல், ஸ்கேனில் இடது மூளையும் சேதமின்றி இருந்தால்தான் குறுக்கு அஃபேசியா என்று எழுதலாம்.

4. படங்களை நோயாளியின் வலப்பக்கம் மேலிருந்து கீழாக அடுக்குங்கள். வலது மூளை பாதித்த பலருக்கு இடப்பக்கம் இருப்பது கவனத்தில் படாது. படத்தைப் பார்க்காதவரைப் புரியாதவர் என்று முடிவு கட்டுவது பெரும் பிழை.

5. ஸ்கேனை மட்டும் நம்பி, இன்ன குறைதான் இருக்கும் என்று ஊகிக்காதீர்கள். சிலரிடம் இடது மூளைப் பாதிப்பில் காணும் அதே குறைகள் தெரியும். சிலரிடம் சேதமான இடத்துக்கும் குறைக்கும் பொருத்தமே இராது.

6. வலக்கை நலமாக இருப்பதைப் பயன்படுத்துங்கள். எழுத, வரைய, சைகை காட்ட அவருக்குப் பழகிய கையே இருக்கிறது. பயிற்சியை அதிலிருந்து தொடங்கலாம்.

7. வீட்டாரை உட்காரவைத்துப் பேசுங்கள். அறிவு மங்கவில்லை, மொழிதான் அடிபட்டிருக்கிறது என்று விளக்குங்கள். சின்ன வாக்கியமாகக் கேட்கவும், பதிலுக்குக் காத்திருக்கவும் கற்றுக்கொடுங்கள்.

இடப்பக்கம் செயலிழந்தவர் பேசாமல் படுத்திருந்தால், அது சோர்வு என்று கடந்து போகாதீர்கள். மொழியைச் சோதிக்காமல் ஒருவரையும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.